போதையிலிருந்து மீண்டவரை நம்பி மகனை விடலாமா?

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு தாயார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். அவருடைய 27 வயது மகன், முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆக்ஸிகோடோன் என்ற வலிநிவாரணி மாத்திரையில் தொடங்கி, நாளடைவில் ஃபென்டானில் என்ற மிக வீரியமான செயற்கைப் போதைப்பொருள் கலந்த போலி மாத்திரைகளைத் தெருவில் வாங்கும் நிலைக்கு வந்தவர். போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் சில வாரங்கள் சிறையில் இருந்த பிறகு, நீதிமன்றம் அவரை இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில், அதாவது புரொபேஷனில், விட்டிருக்கிறது. சிகிச்சைக்குச் செல்ல வேண்டும், போதைப்பொருளைத் தொடக் கூடாது, அழைத்த நாளில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். சிகிச்சை மையம் அவருக்குப் போதை ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மருந்து தருகிறது. கூடவே, ஒரு காலத்தில் ஹெராயினுக்கு அடிமையாக இருந்து, சிறைக்கும் சென்று, இன்று மீண்டு வாழும் ஒருவரைச் சக ஆதரவாளராக நியமித்திருக்கிறது.

சென்ற மாதம் ஓர் இரவு மகன் மீண்டும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அன்றிரவே சக ஆதரவாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டார். அவர் மறுநாள் காலை மகனை மையத்துக்கு அழைத்துச் சென்றார். தாயாருக்கு இது இரண்டு வாரங்கள் கழித்து, மகன் வாயாலேயே தெரிய வந்தது. சக ஆதரவாளரை அழைத்துக் கேட்டபோது, "அதை உங்கள் மகன்தான் உங்களிடம் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். தாயாரின் கேள்விகள் இவை: போதையில் கிடந்த ஒருவரின் சேர்க்கை மகனை மறுபடியும் இழுத்துவிடாதா? நடந்ததைக் குடும்பத்திடமிருந்தும் நன்னடத்தை அதிகாரியிடமிருந்தும் அவர் மறைத்தது சரியா? தானே அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லதா? "அந்த மருந்தையும் சீக்கிரம் விட்டுவிடு" என்று அதிகாரி மகனிடம் சொல்லியிருக்கிறார், உறவினர்களும் அதையே சொல்கிறார்கள். துணைக்கு ஆள் இருக்கும்போது மருந்து எதற்கு? கடைசியாக, மகன் தானும் சக ஆதரவாளராக வேண்டும் என்கிறார். அதற்கு ஊக்கம் கொடுக்கலாமா?

அன்புள்ள அம்மா,

அந்த ஓர் இரவைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. கண்காணிப்பில் இருக்கும் ஒருவர் சறுக்கிவிட்டால் வழக்கமாக என்ன நடக்கும் என்பதைப் போதை மருத்துவத்தில் இருக்கும் எங்களில் யாரும் சொல்லிவிடுவோம். பரிசோதனையில் பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் அவர் அடுத்த சந்திப்புக்கு வர மாட்டார். வராததால் மருந்து தீரும். மருந்து தீர்ந்ததும் உடல் நடுங்கத் தொடங்கும். அதைத் தாங்க முடியாமல் யாருக்கும் தெரியாத இடத்தில், தனியாக, மறுபடியும் போட்டுக்கொள்வார். ஃபென்டானில் புழங்கும் இந்தக் காலத்தில் உயிர் போவது பெரும்பாலும் அந்தத் தனிமையில்தான், ஏனென்றால் மூச்சு நின்றுபோகும்போது பக்கத்தில் எவரும் இருப்பதில்லை. உங்கள் மகன் அந்தப் பாதையில் போகவில்லை. சில மணி நேரத்துக்குள் ஒருவரிடம் சொன்னார், மறுநாள் காலை மருத்துவர் முன்னால் இருந்தார், மருந்தின் அளவும் கூட்டப்பட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையின் நோக்கிலிருந்து பார்த்தால் இதைவிட நல்ல முடிவு அந்த இரவுக்கு இருந்திருக்க முடியாது.

அவர் ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய இடத்தில் இருந்து பாருங்கள். அதிகாரியிடம் சொன்னால் அது நீதிமன்றத்துக்குப் போகலாம். மருத்துவரிடம் சொன்னால் அது மருத்துவக் குறிப்பில் ஏறும். உங்களிடம் சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று அவருக்குத் தெரியும். தன்னைத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லாத, தன்னால் மனம் நொறுங்கிப்போகவும் மாட்டாத ஒரே மனிதர் அந்தச் சக ஆதரவாளர். அவருடைய பயன் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அவரை உங்களுக்கோ அதிகாரிக்கோ செய்தி சொல்பவராக மாற்றினால், அடுத்த முறை உங்கள் மகன் அவரையும் அழைக்க மாட்டார்.

அவர் யார், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

பழைய கூட்டாளி வேறு, பயிற்சி பெற்ற சக ஆதரவாளர் வேறு. சுயஉதவிக் கூட்டங்களில் புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்கூட இவரைப் போன்றவர் அல்லர். அந்த மூத்த உறுப்பினர் ஊதியமின்றி, யார் மேற்பார்வையுமின்றி, அன்பின் பேரில் செய்பவர். சக ஆதரவாளர் பணி அமெரிக்காவில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 2007-இல் மத்திய அரசின் மெடிகெய்டு (குறைந்த வருமானத்தவருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நிர்வாகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், இந்தப் பணிக்குக் கட்டணம் வழங்க வேண்டுமானால் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை வேண்டும், சிகிச்சைத் திட்டத்தோடு அது இணைந்திருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. எனவே உங்கள் மகனோடு இருப்பவரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், அவருடைய கடந்த காலத்தைத் துருவுவதைவிட மையத்திடம் நேரடியாகக் கேட்பது பலன் தரும்: அவருக்குச் சான்றிதழ் உண்டா, அவரை யார் மேற்பார்வையிடுகிறார்கள், அவரே சறுக்கினால் மையம் என்ன செய்யும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். மீண்டவர்களும் மறுபடி விழுவது உண்டு, அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வைத்திருக்கும் மையம் பொறுப்பான மையம்.

அவர் செய்யக் கூடியவை சாதாரணமானவையாகத் தோன்றும். சந்திப்புக்கு உடன் வருவது, கண்காணிப்பு அலுவலகத்தின் காத்திருப்பு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, வேலைக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் எழுத உதவுவது, பழைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எப்படித் தட்டிக்கழிப்பது என்று சொல்லித் தருவது. கண்காணிப்பில் இருப்பவர்கள் தோற்பது பல நேரம் போதையால்கூட அன்று. பேருந்து கிடைக்காததால் தவறிய ஒரு சந்திப்பாலும், முகவரி மாறியதைத் தெரிவிக்க மறந்ததாலும் தோற்கிறார்கள். அந்த இடங்களில் இவருடைய அனுபவத்துக்கு ஈடு எங்கள் படிப்பு அல்ல.

அவர் செய்யக் கூடாதவையும் உண்டு. பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது. மருந்தின் அளவைப் பற்றி அறிவுரை கூடாது. மருந்து எடுப்பவர் உண்மையில் மீண்டவர் அல்லர் என்ற கருத்து சில சுயஉதவிக் கூட்டங்களில் இன்னும் இருக்கிறது. சக ஆதரவாளர் அப்படி ஏதாவது சொன்னால் அன்றே மையத்தில் தெரிவித்து, வேறொருவரைக் கேளுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடும் குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்று தெரிந்த ஒருவருடன், அதிகாரியின் முன் அனுமதியின்றிப் பழகக் கூடாது என்பது மத்திய நீதிமன்றங்களின் வழக்கமான கண்காணிப்பு நிபந்தனைகளில் ஒன்று. பல மாநில நீதிமன்றங்களும் இதைப் போன்ற நிபந்தனை விதிக்கின்றன. உங்கள் மகனின் சக ஆதரவாளர் சிறை சென்றவர். நீதிமன்றமே சிகிச்சைக்கு அனுப்பியிருக்கும்போது இதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நிபந்தனைத் தாளைப் படித்து, அப்படி ஒரு வரி இருந்தால், அதிகாரியின் அனுமதியை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மையமே ஒரு கடிதம் அனுப்பினால் இது எளிதாக முடியும்.

ரகசியம் எதுவரை

சக ஆதரவாளரிடம் சொல்வதெல்லாம் அவரோடு நின்றுவிடும் என்று உங்கள் மகன் நினைத்தால் அதுவும் தவறு. போதைச் சிகிச்சைக் குறிப்புகளுக்கு அமெரிக்காவில் மற்ற மருத்துவக் குறிப்புகளைவிடக் கடுமையான மத்தியப் பாதுகாப்பு இருக்கிறது. சிகிச்சை மையத்தின் பணியாளர் என்ற முறையில் சக ஆதரவாளரும் அதற்குக் கட்டுப்பட்டவர். உங்களிடம் அவர் வாய் திறக்காததற்குக் காரணம் திமிர் அன்று, சட்டம். ஆனால் அதே சட்டம், நீதிமன்றத்தின் நிபந்தனையாகச் சிகிச்சைக்கு வருபவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒப்புதலின் பேரில், வருகையையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க இடம் தருகிறது. இந்த வகை ஒப்புதலை வழக்கின் குறிப்பிட்ட கட்டம் வரை திரும்பப் பெற முடியாதபடியும் எழுதலாம். சேர்க்கை நாளில் ஒரு கட்டுத் தாளில் கையெழுத்திட்ட பலருக்கு, எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதே நினைவிருக்காது. அந்த ஒப்புதலின் பிரதியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வருகை விவரம் மட்டும் போகிறதா, பரிசோதனை முடிவுகளும் போகின்றனவா, சக ஆதரவாளரின் குறிப்புகளும் அதில் சேருமா என்பதை மையம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சக ஆதரவாளர் யாருடைய ஊழியர் என்பதும் முக்கியம். மையத்தின் ஊழியர் என்றால் மேலே சொன்ன பாதுகாப்பு உண்டு. கண்காணிப்புத் துறையோ நீதிமன்றமோ அமர்த்தியவர் என்றால், அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கும் என்று கருத முடியாது. அவர் அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டவராகக்கூட இருக்கலாம். யாராக இருந்தாலும், குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தாலோ ஓர் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலோ ரகசியம் அங்கே நின்றுவிடும்.

1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மின்னசோட்டா எதிர் மர்ஃபி வழக்கை இங்கே நினைவுபடுத்துவது தேவை. கண்காணிப்பில் இருந்த ஒருவர், நிபந்தனையாகச் சென்ற சிகிச்சையில், பல ஆண்டுகளுக்கு முன் தான் செய்த ஒரு கொலையை ஆலோசகரிடம் ஒப்புக்கொண்டார். ஆலோசகர் அதை நன்னடத்தை அதிகாரிக்குத் தெரிவித்தார். அதிகாரி அழைத்துக் கேட்டபோது அவரிடமும் ஒப்புக்கொண்டார். அதிகாரியிடம் சொன்னதை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்றது நீதிமன்றம். உங்கள் மகனின் சறுக்கல் அதோடு ஒப்பிடத் தக்கதே அன்று. ஆயினும், தன் போதையைப் பற்றி மனம் திறப்பது வேறு, பிறர் தொடர்புடைய குற்றங்களை விவரிப்பது வேறு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். பின்னதற்கு உரிய இடம் வழக்கறிஞரின் அறை.

அதிகாரியிடம் நீங்கள் சொல்ல வேண்டுமா

வேண்டாம் என்பதே என் கருத்து. குறைந்தபட்சம், மகனுடைய வழக்கறிஞரிடம் கேட்காமல் வேண்டாம். வயது வந்த மகனின் சறுக்கலைத் தாமாகவே முன்வந்து தெரிவிக்கும் கடமை பொதுவாகப் பெற்றோருக்கு இல்லை. அதிகாரி கேட்டால் பொய் சொல்லாதீர்கள். வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கூறுவது பொய் ஆகாது. உண்மையைச் சொல்லிவிட்டால் இரக்கம் காட்டுவார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சிலர் காட்டுவார்கள். ஆனால் போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்று மருத்துவம் சொல்வதால் சட்டமும் சறுக்கலை மன்னித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு திருட்டு வழக்கில் கண்காணிப்பில் விடப்பட்ட எல்ட்ரெட் என்ற பெண்மணி, சில நாள்களிலேயே ஃபென்டானில் பரிசோதனையில் சிக்கி, படுக்கை வசதியுள்ள சிகிச்சை இடம் கிடைக்கும் வரை சிறையில் வைக்கப்பட்டார். நோயின் அறிகுறிக்காக என்னைத் தண்டிக்கலாமா என்று அவர் மேல்முறையீடு செய்தார். போதையைத் தொடக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம், மீறினால் நடவடிக்கை எடுக்கலாம் என்றே அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. மருத்துவராக அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானது அன்று, ஆனால் நீங்கள் அதை அறிந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கண்காணிப்பை ரத்து செய்ய வேண்டுமானால் விசாரணை நடத்தியாக வேண்டும் என்பது 1973-இல் கக்னன் எதிர் ஸ்கார்பெல்லி வழக்கிலேயே உறுதியான உரிமை. அந்த விசாரணையில், சறுக்கிய மறுநாளே சிகிச்சைக்கு வந்தார், மருந்து சரிசெய்யப்பட்டது, அதன்பின் ஒரு சந்திப்பும் தவறவில்லை என்று மையம் தரும் கடிதத்துக்குக் கனமான மதிப்பு உண்டு. சில நேரங்களில், பரிசோதனை முடிவு வருவதற்கு முன் வழக்கறிஞர் வழியாகத் தாமே தெரிவிப்பதுகூட நல்ல உத்தியாக அமையும். எப்போது, எப்படி என்பதை அவர் தீர்மானிக்கட்டும். வழக்கறிஞருக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று: ஃபென்டானிலை நீண்ட நாள் பயன்படுத்தியவரின் சிறுநீரில், நிறுத்திய பிறகும் அதன் எச்சம் சிலருக்கு வாரக்கணக்கில் தெரியும். எனவே அடுத்தடுத்து வரும் இரண்டு முடிவுகளை இரண்டு தனித்தனிச் சறுக்கல்கள் என்று ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது. உறுதிப்படுத்தும் ஆய்வகப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்.

உங்கள் மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரா என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. பச்சை அட்டையிலோ விசாவிலோ இருப்பவர் என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. போதைப்பொருள் தண்டனை நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம். போதைக்கு அடிமை என்ற நிலையே குடிவரவுச் சட்டத்தில் தனியொரு காரணமாக இருக்கிறது. அவர் எதையும் எழுதிக் கையெழுத்திடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் பார்த்துவிடுவது நல்லது.

மருந்தை நிறுத்தும் யோசனை

இதில் மட்டும் நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்: நிறுத்தக் கூடாது. புப்ரெனார்ஃபின் ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்ற எண்ணம் எல்லா மொழிகளிலும் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறது. அது மூளையில் ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டானில் போன்ற அபின் வகைப் பொருள்) உட்காரும் இடத்தில் தானும் உட்காரும், ஆனால் ஓரளவுக்கு மேல் அதன் விளைவு கூடாது. நடுக்கமும் ஏக்கமும் அடங்கும், ஒருவர் வேலைக்குப் போய்வர முடியும், மேலே ஃபென்டானில் எடுத்தாலும் அதன் வீரியத்தைப் பெருமளவு மறிக்கும். இதே சிகிச்சைக்குப் பயன்படும் மெதடோனையும் புப்ரெனார்ஃபினையும் உலகச் சுகாதார நிறுவனம் 2005-லேயே இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்த மருந்துகளில் இருக்கும் காலத்தில் இறப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. சக ஆதரவைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்ன நானே ஒப்புக்கொள்ள வேண்டியது, அதற்கான ஆய்வுச் சான்று இந்த அளவுக்கு வலுவானதில்லை என்பது. நோயாளிகள் சிகிச்சையில் நிலைத்திருக்க அது உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பலவும் சிறியவை, ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. மருந்து உயிரைக் காக்கிறது, சக ஆதரவாளர் மருந்தை விடாமல் இருக்கச் செய்கிறார். பின்னவர் இருப்பதால் முன்னது வேண்டாம் என்பது கணக்கைத் தலைகீழாகப் போடுவது.

நிறுத்தினால் உடனே வரும் ஆபத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஓபியாய்டு இல்லாமல் சில வாரங்கள் இருந்தாலே உடலின் தாங்குதிறன் போய்விடும். பழைய அளவே உயிரைப் பறிக்கும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வெளிவந்த ஆய்வில், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் ஓவர்டோஸால், அதாவது அளவுமீறிய போதைப்பொருளால், இறக்கும் அபாயம் பொதுமக்களைப் போல் 129 மடங்கு இருந்தது. மருந்தைத் திடீரென்று நிறுத்துபவரும் ஏறக்குறைய அதே விளிம்பில்தான் நிற்கிறார்.

அதிகாரியின் பேச்சைப் பொறுத்தவரை, ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை உரிய முறையில் எடுப்பவரை, போதைப்பொருள் பயன்படுத்துபவராகக் கருதி ஒதுக்குவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2022 ஏப்ரலில் விளக்கம் வெளியிட்டது. அதற்குச் சற்று முன்னர்தான், கண்காணிப்பில் இருந்தவர்களை இம்மருந்துகளை நிறுத்தும்படி கட்டாயப்படுத்தியதாகப் பென்சில்வேனிய மாநில நீதிமன்ற அமைப்பின் மீதே அது வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு 2024-இல் உடன்பாட்டில் முடிந்தது. மகன் அதிகாரியிடம் வாதாட வேண்டாம். அந்த அறிவுரையை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்டு, மருத்துவரின் கடிதத்தோடு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தால் போதும். எழுத்தில் கேட்டவுடனே பல வாய்மொழி உத்தரவுகள் கரைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டில் ஓவர்டோஸை முறிக்கும் நாலோக்ஸோன் மூக்குத் தெளிப்பானை வாங்கி வையுங்கள். 2023-லிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. மகன் மூச்சுவிடத் திணறினால் அதைப் பயன்படுத்தி, உடனே 911-ஐ அழையுங்கள். அழைத்தால் கண்காணிப்பு ரத்தாகிவிடுமோ என்று அந்த நிமிடத்தில் யோசிக்காதீர்கள். ஓவர்டோஸுக்கு உதவி கேட்பவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அது கண்காணிப்பு மீறலையும் தழுவுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதைப் பிறகு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

உங்களுக்கு எதுவும் தெரிவிக்கப்படாது என்ற நிலை மாறவும் வழி இருக்கிறது. எவை எவற்றை அம்மாவிடம் சொல்லலாம் என்று மகனே எழுதிக் கொடுத்தால் மையம் உங்களோடு பேசும். சந்திப்புக்கு வந்தாரா, உயிருக்கு ஆபத்தான நிலை உண்டா என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒவ்வொரு சறுக்கலையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டால், அவர் கையெழுத்திடுவார், பிறகு சொல்வதை நிறுத்திவிடுவார். உங்கள் மனப் பாரத்துக்கு, இதே நிலையைக் கடந்த பெற்றோர்கள் மற்ற பெற்றோர்களுக்குத் துணை நிற்கும் குழுக்களும் பல இடங்களில் உண்டு, மையத்தில் கேளுங்கள்.

மகனின் விருப்பத்தைப் பொறுத்தவரை, அதைக் கேலி செய்யவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம். சான்றிதழுக்கு முன் குறிப்பிட்ட காலம் மீட்சியில் நிலைத்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கின்றன, தண்டனைப் பதிவு சில வேலைகளுக்குத் தடையாகவும் இருக்கலாம். ஆகவே அவருடைய மாநிலத்தின் விதியை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கண்காணிப்புக் காலம் முடியும் வரை வேறொரு வேலையில் நிலைபெறட்டும். நாள்தோறும் பிறருடைய சறுக்கல்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை, மீட்சியின் முதல் ஆண்டில் இருப்பவருக்கு ஏற்றதன்று. இந்த ஆசையை முதலில் அவருடைய சக ஆதரவாளரிடமே சொல்லிப் பார்க்கட்டும். அந்த வேலையின் கஷ்டத்தை அவரைவிட நேராக எடுத்துச் சொல்ல இந்தச் சூழலில் வேறு யாரும் இல்லை.